கடற்கரையில் சாம்பார் சோற்றுக்கும் பஞ்சமா?

மாசி மகத்தன்று ஒதியம்பட்டிலிருந்து நமது விவசாயத் தொழிலாளிப் பெண்கள் ஒன்பது பேர் வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போனார்கள். மயிலம் முருகனும் சுற்றுக் கிராமங்களின் சாமிகளும் கடலாட வரும் நாள் அது. சங்க வேலையாக நகரத்துக்குக் கிளம்பிய நாமும் அதே பஸ்ஸில் போனோம்.

அன்று அவர்களுக்கு விரதம், மீன் தொடமாட்டார்கள். கடலாடி முடித்து அன்னதானப் பந்தலை எட்டியபோது அண்டா காலி. காசு கொடுத்துத்தான் சாப்பிடுவோமே என்று கடற்கரை ஓரமாக நடந்தார்கள். முதல் கடையில் ஆள் உயரத்துக்கு வஞ்சிரம் மீனின் படம்.

"தம்பி, சைவச் சாப்பாடு இருக்கா?"

"சாப்பாடே போடறதில்லைக்கா. மீன், இறால், நண்டுதான். வேணும்னா காய் போட்ட ஃப்ரைடு ரைஸ் இருக்கு."

விலையைக் கேட்டார்கள். நாள் முழுவதும் குனிந்து நாற்று நட்டு வாங்கும் கூலியில் பாதிக்கு மேல்! அந்தச் சர்வர் பையன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "நானும் பாகூர்ப் பக்கந்தான்க்கா. இங்கே உங்களுக்குக் கட்டாது."

இரண்டாவது கடையில் வாசல் காவலாளி ஈரச் சேலையையும் மணல் ஒட்டிய காலையும் பார்த்தார்; இடமில்லை என்றார். உள்ளே நாற்காலிகள் காலியாகக் கிடந்தன! மூன்றாவது, நகரத்துக்குள் "சுத்த சைவம்" என்று பலகை மாட்டிய குளிர்சாதன ஹோட்டல். அங்கே சைவம் இருந்தது. விலை முதல் கடையைவிட அதிகம். கடைசியில் பஸ் நிலையத்தில் ஆளுக்கொரு பன்னும் டீயும் குடித்துவிட்டு ஊர் திரும்பினார்கள்.

தோழர்களே! கடற்கரையில் சைவச் சாப்பாடு கிடைக்கவில்லை என்ற புகார் நம்முடைய புகார் மட்டுமல்ல. விடுமுறைக்குக் காரில் வந்திறங்கும் கனவான்களும் இதையே சொல்லிப் பெருமூச்சு விடுகிறார்கள். எங்கே பார்த்தாலும் மீன் வாடை, பொரித்த எண்ணெயும் ஒன்று, கரண்டியும் ஒன்று என்கிறார்கள்.

அவர்களை நாம் கேலி செய்யவில்லை. மீன் உண்ணாதவருக்கு மீன் பொரித்த எண்ணெயில் வடை சுட்டுக் கொடுப்பது ஏமாற்று வேலை. தனிச் சட்டி வைக்க வேண்டியது கடைக்காரரின் கடமை. ஆனால், கனவானின் கஷ்டம் எவ்வளவு நேரத்துக்கு? காரைத் திருப்பினால் நேரு வீதி. மணியை அடித்தால் விடுதி அறைக்கே தயிர்ச் சோறு வந்துவிடும். பணப்பை கனத்தால் தனிச் சட்டி தானாக அடுப்பில் ஏறும். நமது ஒன்பது பெண்களுக்கு எந்த மணி அடிக்கும்?

இரண்டு கூச்சல்

இந்தப் பிரச்னை எழுந்தால் உடனே இரண்டு கூச்சல் கேட்கிறது. "கடற்கரைக்கு வந்தால் மீனைத் தின்ன வேண்டியதுதானே!" என்பது ஒன்று. "மீன் நாற்றத்தை ஒழித்து ஊரையே சுத்த சைவமாக்கு!" என்பது மற்றொன்று.

முதல் கூச்சலுக்கு நமது பதில்: விரதமோ, வைத்தியமோ, பழக்கமோ, எந்தக் காரணத்தால் ஒருவர் மீனை ஒதுக்கினாலும் அது அவர் உரிமை. தின்னு என்று சொல்ல நீ யார்?

இரண்டாவது கூச்சலுக்குப் பதில் இன்னும் கடுமையானது. வைத்திக்குப்பத்து மீனவன் நாற்றமடிக்கிறானா? உயிரைப் பணயம் வைத்துக் கட்டுமரம் செலுத்தியவர்களின் பரம்பரை அது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. அந்த நாட்களில் அவன் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்று எந்தச் "சுத்த" வாதியாவது எட்டிப் பார்த்தது உண்டா?

"சுத்தம்" என்ற சொல்லின் சரித்திரமும் நமக்குத் தெரியும். ஹோட்டல் பலகையில் "பிராமணாள்" என்று எழுதி வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. 1957-இல் சென்னை திருவல்லிக்கேணி முரளீஸ் கபே வாசலில் அந்தச் சொல்லை அழிக்கப் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறை சென்றார்கள். ஹோட்டலிலும் கடையிலும் சாதி சொல்லி எவரையும் தடுக்கக் கூடாது என்று 1950-இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆவது ஷரத்து கூறுகிறது. இருந்தும் இரட்டைக் குவளையை ஒழிக்க நமது சங்கங்கள் கிராமம் கிராமமாகப் போராட வேண்டியிருந்தது. சைவத்தின் பெயரால் அந்த வேலியை மறுபடியும் நட நாம் விடமாட்டோம்.

சைவம் வேண்டும், வேலி வேண்டாம் என்பதற்கு நமது பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. கடலூர் மாவட்டம் வடலூரில் 1867-இல் வள்ளலார் தருமசாலை திறந்தார். புலால் கிடையாது; சாதியும் கிடையாது. பசித்தவர் எவரும் உட்காரலாம். அன்று மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது.

சாப்பாட்டைத் துரத்தியது யார்?

சோறு, சாம்பார், ரசம், மோர். இந்த எளிய சாப்பாடு கடற்கரையிலிருந்து ஏன் ஓடிப்போயிற்று? மீனவர் துரத்தவில்லை. லாபக் கணக்கு துரத்தியது.

சாப்பாடு போட்டால் இரண்டாம் முறை சோறு கேட்பான், மோர் கேட்பான், சாவகாசமாக உட்காருவான். கல்லாப்பெட்டியில் விழுவதோ சொற்பம். ஒரு தட்டு இறால் விற்றால் பல சாப்பாட்டின் காசு வந்துவிடும். அதோடு ஒரு பாட்டிலும் திறந்தால் கேட்கவே வேண்டாம்! சரக்குக்குத் தொட்டுக்கொள்ள வறுவல் விற்கும், ரசஞ்சோறு விற்குமா? கடலோர இடத்தின் வாடகையும் ஏறிக்கொண்டே போகிறது. அந்த வாடகையெல்லாம் தட்டின் விலையில்தான் வந்து உட்காருகிறது.

ஆகவே சைவக்காரன் மட்டும் கடற்கரையை விட்டு விரட்டப்படவில்லை. மீன் பிடித்தவனும் அந்த மேஜையில் உட்கார்ந்து தன் மீனைத் தின்ன முடியாது. பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளைவித்தவளும் அங்கே சோறு வாங்க முடியாது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26-ஆம் ஆண்டுக்குப் புதுச்சேரிக்கு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். அதில் குடும்பம் நடத்துகிறவள் கடற்கரைத் தட்டுக்கு எங்கே போவாள்?

பரிமாறுகிறவன் நிலை என்ன? நமது ஊர்ப்பக்கம் ஓடும் சங்கராபரணி ஆறு நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு என்ற பெயரோடு கடலில் சேருகிறது. நமது பிள்ளைகளும் அதே திசையில்தான் பிழைக்கப் போகிறார்கள். படகு இல்லத்துக்குப் போகிறவன் ஒருவன். விடுதிச் சமையலறைக்கு ஒருவன். பாத்திரம் கழுவ ஒருத்தி. ஏ.எப்.டி. ஆலை 2020-இல் மூடப்பட்டது. சுதேசி, பாரதி ஆலைகளும் மூடப்பட்டன. தறி ஓட்டிய கைகள் இன்று விடுதி வாசலில் காவல் நிற்கின்றன.

1936 ஜூலை 30-ஆம் தேதி இதே புதுச்சேரியில் 12 ஆலைத் தொழிலாளர்கள் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டினார்கள். அந்தப் போராட்டத்தின் பலனாக எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அந்த மண்ணில்தான் இன்று சர்வர் பையன் காலையில் மேஜை துடைக்க ஆரம்பித்து நள்ளிரவில் படுக்கிறான். நமது பெண்களைத் தடுத்த காவலாளியும் நமது வர்க்கத்து மனிதரே. அவர்மீது நமக்குக் கோபமில்லை. அவரை அப்படி நிறுத்தியிருக்கும் முதலாளியின் உத்தரவின்மீதுதான் கோபம்.

முடியாதா?

மலிவாகச் சோறு போடுவது நடக்காத காரியம் என்பார்கள். நடந்திருக்கிறதே! 2013 பிப்ரவரியில் சென்னையில், அதுவும் கடலோரச் சாந்தோமில், முதல் அம்மா உணவகம் திறக்கப்பட்டது. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர்ச் சாதம் 3 ரூபாய். அத்தனையும் சைவம்! அந்தச் சர்க்காரோடு நமக்கு ஆயிரம் சண்டை உண்டு. இருந்தாலும் நல்லதை நல்லது என்போம்.

கேரளத்தில் 2020-இல் குடும்பஸ்ரீ பெண்கள் ஜனகீய ஹோட்டல்களில் 20 ரூபாய்க்குச் சாப்பாடு போட்டார்கள். வேண்டியவர் தனிக் காசு கொடுத்து மீன் வாங்கிக்கொள்ளலாம். சைவக்காரரும் மீன்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். யாருக்கும் குடி முழுகிப் போகவில்லை. 2023-இல் மானியம் நின்றதும் விலை 30 ரூபாயாயிற்று. மானியத்தைச் சட்டத்தால் உறுதி செய்ய வேண்டும் என்பது அதிலிருந்து நமக்குப் பாடம்.

தொழிலாளிகளால் ஹோட்டல் நடத்த முடியுமா என்ற கேள்விக்கும் பதில் உண்டு. காபி போர்டு தன் கடைகளை மூடித் தொழிலாளரை வெளியே தள்ளியபோது, தோழர் ஏ. கே. கோபாலன் வழிகாட்ட, அந்தத் தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து 1957-இல் இந்தியன் காபி ஹவுஸ் தொடங்கினார்கள்.

நமது கோரிக்கை

அன்னதானம் போடுகிறார்களே, போதாதா என்று சிலர் கேட்பார்கள். தானம் தருபவர் மனம் வாழ்க. ஆனால் பந்தல் ஒரு நாளில் பிரிந்துவிடும். பசி நாள்தோறும் வரும். கை நீட்டி வாங்கும் பிடி சோறு வேறு, காசை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்து உண்ணும் சாப்பாடு வேறு. நாம் கேட்பது இரண்டாவது.

வைத்திக்குப்பத்திலும் சுண்ணாம்பாற்றிலும், மாசி மகத்தில் கூட்டம் கூடும் திருக்காஞ்சியிலும் சர்க்கார் பொது உணவகம் திறக்க வேண்டும். அடக்க விலையில் சைவச் சாப்பாடு போட வேண்டும். மீனவர் கூட்டுறவு மூலம் மீன் வாங்கித் தனிச் சட்டியில் சமைத்துத் தனியாக விற்க வேண்டும். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு எட்டு மணி நேரமும் நியாயமான கூலியும் வேண்டும். எந்த ஹோட்டலிலும் விலைப் பட்டியலை வாசலிலேயே தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

ஒதியம்பட்டுக் கிளைக் கூட்டத்தில் அந்த ஒன்பது பெண்களும் இந்தக் கோரிக்கை மனுவில் முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எழுதத் தெரியாத ஒரு பாட்டி ரேகை வைத்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த மாசி மகத்துக்கு நான் பன்னு திங்க வரமாட்டேன்."

ஆலைத் தொழிலாளித் தோழர்களே, மீனவ நண்பர்களே, ஹோட்டல் தொழிலாளிகளே! இந்த மனுவை ஒவ்வொரு தெருவுக்கும் கொண்டு செல்லுங்கள். பாட்டியின் வார்த்தையைக் காப்பாற்றுவோம்!