அம்மம்மாவின் பெயரைத் தேடுவோம்



பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை நாங்கள் எதற்கெல்லாம் எடுக்கிறோம்? பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, அடையாள அட்டை எடுக்க, கடவுச்சீட்டுக்குக் கொடுக்க. அலுவல் முடிந்ததும் மடித்துப் பையில் வைத்துவிடுகிறோம். அந்தத் தாளுக்குள் ஒரு குடும்பத்தின் கதை இருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. போரிலும் இடப்பெயர்விலும் அல்பங்களையும் சாதகங்களையும், கதை சொல்ல இருந்த பெரியவர்களையும் இழந்துவிட்டோம். எங்களுக்கு மிஞ்சியிருப்பவற்றில் இந்தப் பதிவுகளும் அடங்கும். இலங்கையில் பிறப்பு, இறப்புகளைப் பதியத் தொடங்கியது 1867 இல். ஆகவே பூட்டியின் காலம்வரை சிலவேளைகளில் போகலாம்.

உங்கள் பத்திரத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். தகப்பனின் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் இருக்கும். தாயின் விபரமும் அப்படியே இருக்கும். கீழே பாட்டனாருக்கு ஒரு கட்டம், பூட்டனாருக்கு ஒரு கட்டம். அம்மம்மாவுக்கும் அப்பம்மாவுக்கும் கட்டம் இல்லை. விவாகப் பதிவிலும் மணமக்களின் தகப்பன்மாரின் பெயர்களே கேட்கப்படுகின்றன. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் தகப்பன் வழியையே பார்த்தது. தகப்பனைப் போலவே தாயும் தன் பிள்ளைக்குப் பிரஜாவுரிமையைக் கொடுக்கலாம் என்ற திருத்தம் 2003 இல்தான் வந்தது. தந்தைவழிச் சமூகம் என்று பாடமாகப் படித்ததை இந்தச் சின்னக் கட்டங்களில் நான் நேரில் காண்கிறேன்.

ஆனாலும் வழி இருக்கிறது. உங்கள் தாயின் சொந்தப் பிறப்புப் பதிவை எடுத்தால் அதில் அம்மம்மாவின் பெயர் இருக்கும். அம்மம்மாவின் பதிவு கிடைத்தால் பூட்டியின் பெயர். இறப்புப் பதிவிலும் இறந்தவரின் தாய், தகப்பன் இருவரின் பெயர்களும் எழுதப்படும்.

எங்கள் மாதர் குழுவில் ஒரு சகோதரி இருக்கிறார். 2009 மே மாதம் தாயை இழந்தவர். "அக்கா, அம்மம்மாவின்ர பேர் என்னவெண்டு மகள் கேக்கிறாள். எனக்கே தெரியாது" என்றார். அவருடைய பத்திரத்தில் தாய் பிறந்த திகதியும் வடமராட்சியில் ஓர் ஊரின் பெயரும் இருந்தன. அதை வைத்து விண்ணப்பித்தோம். தாயின் பதிவு கிடைத்தது. அம்மம்மாவின் பெயரோடு, பிறப்பை அறிவித்தவரின் பெயரும் முகவரியும் அதில் இருந்தன. அறிவித்தவர் அம்மம்மாவின் தம்பி. அவருடைய பிள்ளைகள் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். பள்ளிக்கூடச் சட்டையோடு தாய் நிற்கும் ஒரு படம் அவர்களிடம் இருந்தது. தாயின் முகம் உள்ள ஒரேயொரு படம் இப்போது அந்த வீட்டில் தொங்குகிறது.

தேடும்போது சில விடயங்களைக் கவனியுங்கள். பிறப்பு, சொந்த ஊரில் அல்ல, பிள்ளை பிறந்த இடத்துக்குரிய பதிவாளர் பிரிவிலேயே பதியப்படும். முன்பு தலைப்பிள்ளைப்பேறு தாய்வீட்டில்தான். எனவே மூத்தவரின் பதிவில் உள்ள ஊர் பெரும்பாலும் தாயின் ஊராக இருக்கும். ஆஸ்பத்திரியில் பிறந்தவர்களின் பதிவு ஆஸ்பத்திரி இருக்கும் பிரிவில் இருக்கும். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர்களுக்குத் தென்மராட்சியிலோ வன்னியிலோ பிள்ளை பிறந்திருந்தால் அங்கேதான் தேட வேண்டும்.

பிரதேச செயலகத்தின் பதிவுப் பிரிவில் விண்ணப்பப் படிவம் கிடைக்கும். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் கட்டணம் குறைவு. தெரியாவிட்டால் எந்தக் காலத்துக்குள் தேட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். பதிவுகள் இரண்டு பிரதிகளாக வைக்கப்படுபவை. ஆகவே ஓரிடத்தில் அழிந்திருந்தால், மற்றப் பிரதி இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். வள்ளிப்பிள்ளை, வள்ளியம்மை என்று ஒருவரே இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கலாம். தெரிந்த எல்லாப் பெயர்களையும் சொல்லுங்கள்.

காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் ஒரு வார்த்தை. அவருடைய பிறப்புப் பதிவின் பிரதியைக் கேட்பது வேறு, மரணச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது வேறு. ஒன்றைக் கேட்டதனால் மற்றது வந்துவிடாது. பயப்பட வேண்டாம். மரணச் சான்றிதழை விரும்பாதவர்கள், அவர் காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழைப் பெறுவதற்கு 2016 இல் சட்டம் திருத்தப்பட்டது.

இந்த மாதம் ஒரு கொப்பி எடுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயர், அதற்கு மேலே தாய், தாயின் தாய். தெரியாத இடத்தை வெறுமையாக விடுங்கள். ஊரில் உள்ள மூத்த அம்மாமாரிடம் போய்க் கேளுங்கள். பிறகு பதிவைத் தேடுங்கள். சட்டம் கட்டம் போடாத பெயர்களை எங்கள் பெண்பிள்ளைகளுக்கு நாங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.