கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்

வளைகுடா நாட்டுக்குக் கொத்தனாரையோ ஓட்டுநரையோ வேலைக்கு அனுப்பும் முகவர், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவுச் சான்று வாங்கியிருக்க வேண்டும். வங்கி உத்தரவாதம் கட்டியிருக்க வேண்டும். போகிறவரிடம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும் போக ஒரு காசு கூடுதலாக வாங்கக் கூடாது. நடைமுறையில் எத்தனை ஓட்டை இருந்தாலும், ஏமாந்தவர் போய் முறையிடச் சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் என்று ஒரு வாசலாவது இருக்கிறது. அதே தெருவில், முப்பது நாற்பது லட்சம் கடன் வாங்கச் சொல்லி ஒரு மாணவனை மேற்படிப்புக்கு அனுப்பிவைக்கும் கன்சல்டன்சிக்குத் தமிழ்நாட்டில் அப்படியோர் உரிமம் தேவையில்லை. மாணவனும் கடைசியில் வேலையை நம்பித்தான் போகிறான். அவனுக்கு மட்டும் காவல் இல்லாமல் விட்டது தவறு. தமிழக அரசு இதைச் சட்டம் போட்டுத் திருத்த வேண்டும் என்பது நம் உறுதியான கருத்து.

திருத்தணியிலிருந்து இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே. பேட்டை, பள்ளிப்பட்டு என்று சுற்றிலும் விசைத்தறியை நம்பிய ஊர்கள். தறிக்கூலியிலும் கரும்புப் பணத்திலும் பிள்ளையைப் பொறியியல் படிக்கவைத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். அந்தப் பிள்ளை எம்.எஸ். படிக்க ஆசைப்படும்போது வங்கி ஈடு கேட்கிறது. பெரிய தொகைக்கு ஈடாக வைக்கப் பெரும்பாலும் இருப்பது குடியிருக்கும் வீடு. நாற்பது லட்சத்துக்குப் பத்தரை சதவீத வட்டி என்றால் மாதம் 35,000 ரூபாய் வட்டி மட்டும் ஏறும். படிக்கும் காலத்தில் கட்ட வேண்டாம் என்று வங்கி சொன்னாலும் அந்த வட்டி கணக்கில் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

இந்தக் கணக்கைப் பார்த்துத் தயங்கும் பெற்றோரிடம் வழக்கமாகச் சொல்லப்படும் பதில் ஒன்றுதான்: “போனதும் பார்ட் டைம், அடுத்து இன்டர்ன்ஷிப், அப்புறம் ஓபிடி. மூணு வருஷத்துல கடன் அடைஞ்சிடும்.” சொல்லில் பொய் இல்லை. அந்த மூன்றும் உண்மையில் உள்ளவைதான். எந்த நிபந்தனைக்கு உட்பட்டு, எந்த மாதத்தில், யாருடைய அனுமதியோடு என்பதுதான் சொல்லப்படுவதில்லை. பிள்ளைகள் அடிபடுவது அங்கேதான்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். 2023-24 கல்வியாண்டில் அங்கே 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். அவர்களில் 97,556 பேர் படிப்பு முடிந்து ஓபிடி என்ற பயிற்சி வேலைக் காலத்தில் இருந்தவர்கள். எஃப்-1 விசாவில் போகிறவர் படிப்பு நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். நூலகம், சாப்பாட்டுக்கூடம், ஆய்வகம் போன்ற இடங்கள். மணிக்கு 12 டாலர் என்று வைத்துக்கொண்டாலும் வாரத்துக்கு 240 டாலர். அது வாடகைக்கும் அரிசி பருப்புக்கும் போய்விடும். கல்விக் கடனுக்கு மிஞ்சாது. வளாகத்துக்கு வெளியே கம்பெனியில் இன்டர்ன்ஷிப் செய்ய சிபிடி என்ற அனுமதி வேண்டும். பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்த பிறகே அது கிடைக்கும். அந்த வேலை பாடத்திட்டத்தோடு இணைந்திருக்க வேண்டும். எந்த நிறுவனம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகம் ஐ-20 படிவத்தில் குறித்துத் தர வேண்டும். முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டுவிட்டால் அந்தப் பட்டத்துக்கு உரிய ஓபிடி அடியோடு போய்விடும். ஓபிடியிலோ 12 மாதம் வேலை பார்க்கலாம். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்களுக்கு மேலும் 24 மாதம் நீட்டிப்பு உண்டு. ஆனால் முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருந்தால் தங்கும் தகுதியே ஆட்டம் காணும்.

இதையெல்லாம்விட முக்கியம், காலக்கெடு. இரண்டு வருட எம்.எஸ். படிப்பில் ஒரே ஒரு கோடை விடுமுறைதான் வருகிறது. அந்தக் கோடைக்கான இன்டர்ன்ஷிப்புக்குப் பெரிய நிறுவனங்கள் ஆள் எடுக்கத் தொடங்குவது முந்தைய ஆண்டின் ஆகஸ்ட், செப்டம்பரில். அதாவது, நம் பிள்ளை ஆடிக் கிருத்திகைக் காவடிகள் மலையேறும் பருவத்தில் விமானம் ஏறி, அங்கே போய் வீடு தேடி, போர்வை வாங்கி, முதல் வகுப்பில் பேராசிரியரின் உச்சரிப்புக்குக் காதைப் பழக்கிக்கொண்டிருக்கும் அதே வாரங்களில், வளாகத்தில் வேலைவாய்ப்புக் கண்காட்சி நடந்து முடிந்துவிடுகிறது. ஒரு பக்க ரெஸ்யூமே கையில் இல்லாதவன் அங்கே நிற்கக்கூட முடியாது. நின்றாலும், “இப்போதோ பின்னாலோ உனக்கு விசா ஆதரவு தேவைப்படுமா?” என்று கேட்கிறார்கள். ஆமாம் என்றதும் முகம் திருப்பும் நிறுவனங்கள் பல. விமானவியல் படித்தவர்களுக்கு இன்னொரு சுவர்: ராணுவத் தளவாடம் சார்ந்த நிறுவனங்கள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளின்படி அந்நாட்டுக் குடிமக்களையும் நிரந்தர வாசிகளையுமே பெரும்பாலும் எடுக்கின்றன. ராக்கெட் கனவோடு போகிறவனுக்கு இதை இங்கேயே யாராவது சொல்லியிருக்க வேண்டாமா? 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி வேலை விசா விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்த பிறகு நிறுவனங்களின் தயக்கம் கூடுமே தவிரக் குறையாது. அங்கேயே படித்து விசா மாறுகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் பொருந்தாது என்று பின்னர் விளக்கம் வந்தது. வேலைக்கு ஆள் எடுக்கும் ஒவ்வொருவரும் அந்த விளக்கத்தைப் படித்திருப்பார்கள் என்று நம்பி வீட்டை அடகு வைக்க முடியாது.

இப்படி வழியெல்லாம் குறுகும்போதுதான் குறுக்குவழி விற்கிறவன் வருகிறான். “முதல் நாளிலிருந்தே சிபிடி” என்பது அவன் சரக்கு. சில முதுநிலைப் படிப்புகளில் பாடத்திட்டமே உடனடிப் பயிற்சியைக் கட்டாயமாக்கும்போது அது சட்டப்படி செல்லும். ஆனால் வகுப்பே இல்லாத கல்லூரியில் பெயரைப் பதிந்துவிட்டு நாட்டின் இன்னொரு மூலையில் வேலை பார்க்கும் ஏற்பாட்டுக்கும் அதே பெயரைத்தான் சூட்டுகிறார்கள். 2011இல் கலிஃபோர்னியாவில் ட்ரை-வேலி பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது இந்திய மாணவர்கள் சிலரின் கணுக்காலில் ரேடியோ பட்டை கட்டப்பட்டது. இந்திய அரசு கண்டனம் தெரிவித்தது. அதை நடத்தியவருக்குப் பின்னர் 16 ஆண்டுச் சிறை. 2019 ஜனவரியில் மிச்சிகனில் நடந்தது இன்னும் கொடியது. ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்பதே அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை விரித்த வலை. ஆசிரியர் இல்லை, வகுப்பு இல்லை. முதலில் பிடிபட்ட 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர்கள். பெரும்பாலோர் ஆந்திரத்தையும் தெலங்கானாவையும் சேர்ந்தவர்கள். ஆள் சேர்த்துக் கொடுத்த தரகர்கள் எட்டுப் பேர் மீது வழக்குப் போட்டார்கள்.

மாணவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும் என்று அப்போது பலர் கேட்டார்கள். தெரிந்தே போனவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தப் போலிப் பல்கலைக்கழகத்தை அமெரிக்க அரசின் அங்கீகாரப் பட்டியலிலேயே சேர்த்திருந்தார்கள். முறையாகச் சரிபார்த்த மாணவனும் ‘அங்கீகாரம் உண்டு’ என்றே படித்திருப்பான். கட்டிய பணத்தைக் கேட்டு மாணவர் தரப்பு தொடுத்த வழக்கை முன்னெடுத்துச் செல்லலாம் என்று அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024இல் அனுமதித்தது. ‘எல்லாம் இணையத்தில் இருக்கிறது, படித்த பிள்ளைகள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?’ என்று கேட்பவர்களுக்கு இதுவே நம் பதில். பொதட்டூர்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு ஒரு தறிக்காரக் குடும்பம் மிச்சிகன் கல்லூரியை அளந்துவிட முடியாது. அளந்து சொல்லப் பொறுப்புள்ள, கேள்வி கேட்டால் பதில் தர வேண்டிய ஓர் இடம் வேண்டும்.

அது ஆந்திரப் பிள்ளைகளின் கதை என்று ஒதுங்கவும் திருத்தணியால் முடியாது. 1960 ஏப்ரல் 1 அன்று இந்த ஊர் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி. முதலியோரின் எல்லைப் போராட்டத்துக்குக் கிடைத்த பலன் அது. கோடு மாறினாலும் பெண் கொடுத்து எடுக்கும் உறவு நகரியிலும் புத்தூரிலும் திருப்பதியிலும் தொடர்கிறது. இங்கே பல வீடுகளில் தெலுங்குதான் பேச்சு. எந்தக் கல்லூரியில் சீட்டு எளிது, யாரிடம் போனால் ஆஃபர் லெட்டர் வரும் என்ற சேதி உறவுக்காரர் வழியாகத்தான் வருகிறது. நல்ல சேதி வரும் வழியிலேயே கெட்ட சேதியும் வரும்.

மற்ற நாடுகளிலும் வழி உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி. ஜெர்மனியில் வெளிநாட்டு மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம். பாடத்திட்டம் கட்டாயமாக்கும் இன்டர்ன்ஷிப் அந்தக் கணக்கில் சேராது. அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணமும் இல்லை. ஆனால் முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் 11,904 யூரோ காட்ட வேண்டும். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் தொழிற்சாலைக்குள் ஜெர்மன் தெரியாமல் பயிற்சி வேலை கிடைப்பது கடினம். இங்கிருந்து அதைப் படிக்கச் சென்னை வரை ரயில் ஏற வேண்டும். பிரிட்டனில் ஓராண்டு முதுநிலைப் படிப்பில் இன்டர்ன்ஷிப்புக்கு நேரமே இருக்காது. பணிப் பயிற்சி ஆண்டோடு சேர்ந்த படிப்பைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். இந்த ஒரு விவரம் தெரியாமலே ஓராண்டுப் படிப்புக்குப் பணம் கட்டுகிறார்கள்.

இந்தத் திருத்தணி மண்ணில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் வெளிநாட்டில் மாணவராக இருந்ததே இல்லை; உதவித்தொகையில் வேலூரிலும் சென்னையிலும் படித்தே 1936இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பேராசிரியராகப் போனார். அதைக் காட்டிப் பிள்ளைகளை இங்கேயே இருக்கச் சொல்ல நாம் வரவில்லை. சிப் வடிவமைப்பையோ ரோபோ பொறியியலையோ அது பிறந்து வளரும் இடத்தில் போய்க் கற்க நினைப்பது நியாயமான ஆசை. அதற்குப் போகும் வழியில் பள்ளம் எங்கே என்று சொல்ல ஆள் வேண்டும் என்பதே நம் வாதம்.

பஞ்சாப் மாநிலம் 2012இலேயே சட்டம் இயற்றிப் பயண முகவர்களோடு கல்வி ஆலோசனை நிலையங்களையும் ஆங்கிலத் தேர்வுப் பயிற்சி மையங்களையும் உரிமத்தின் கீழ் கொண்டுவந்தது. அங்கே மோசடி ஒழிந்துவிடவில்லை. ஆனாலும் உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரம் மாவட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. கேரளத்தில் ஓடெபெக் என்ற அரசு நிறுவனமே வெளிநாட்டுக் கல்விக்கு வழிகாட்டுகிறது. நம்மிடமும் 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. செவிலியரையும் தொழிலாளரையும் அனுப்பி அனுபவப்பட்ட நிறுவனம் அது. மாணவர் பிரிவு ஒன்றை அதற்குள் தொடங்கப் புதுக் கட்டடம் தேவையில்லை. 2022இல் வந்த ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரிகளுக்குள் ஏற்கெனவே நுழைந்திருக்கிறது. திருத்தணி அரசு கலைக் கல்லூரி மாணவருக்கும் சுற்றுவட்டாரப் பொறியியல் கல்லூரி மாணவருக்கும் மூன்றாம் ஆண்டிலேயே அதன் வழியாகச் சொல்லிக்கொடுக்கலாம்: ஜெர்மனியின் டாட் (DAAD) அமைப்பு இந்திய இளநிலை மாணவரைக் கோடையில் உதவித்தொகை கொடுத்து ஜெர்மன் ஆய்வகங்களுக்கு அழைக்கிறது, கனடாவின் மைட்டாக்ஸ் கோடை ஆய்வுப் பயிற்சி தருகிறது என்று. கடனே இல்லாமல் வெளிநாட்டுப் பயிற்சியைக் கண்ணால் பார்க்கும் இந்த வாய்ப்புகள் ஐஐடி, என்ஐடி மாணவர்களின் காதுக்கு எட்டுவது போல் இங்கே எட்டுவதில்லை.

நாம் கேட்கும் சட்டத்தில் ஒரு பிரிவு கட்டாயம் இருக்க வேண்டும். பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் மாணவரைச் சேர்த்துவிடும் முகவருக்குக் கமிஷன் தருகின்றன. ‘உங்களுக்கு இலவச ஆலோசனை’ என்ற பலகைக்குப் பின்னால் இருக்கும் வருமானம் அதுதான். எந்தக் கல்லூரியிடம் எவ்வளவு வாங்குகிறோம் என்று பெற்றோருக்கு எழுத்தில் தெரிவிக்க முகவர் கடமைப்பட்டிருக்க வேண்டும். சேரும் படிப்பில் பயிற்சி வேலைக்கு எந்த விதியின் கீழ், எத்தனை மாதத்துக்குப் பின் அனுமதி உண்டு என்பதையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இத்தனை நிபந்தனை போட்டால் தொழில் படுத்துவிடும் என்பார்கள். நேர்மையாக நடத்துகிறவர்களுக்கு இதனால் நட்டமில்லை. பொய் சொல்லி ஆள் பிடிப்பவரோடு அவர்கள் போட்டி போட வேண்டியிருக்காது.

வங்கிகளுக்கும் இதில் பங்கு உண்டு. வீட்டுப் பத்திரத்தின் வில்லங்கத்தைப் பல ஆண்டுக்குப் பின்னோக்கிப் பார்க்கிறார்கள். வருமானச் சான்று கேட்கிறார்கள். ஜாமீன்தாரரின் சம்பளப் பட்டியல் கேட்கிறார்கள். அந்தக் கல்லூரியில் வகுப்பு உண்மையில் நடக்கிறதா, வேலை கிடைக்காமல் மாணவன் ஊர் திரும்பினால் தவணை எப்படிக் கட்டப்படும் என்று பெற்றோருடன் உட்கார்ந்து தமிழில் பேசுவதில்லை. கடன் திரும்பி வருவது அந்தப் பதிலைப் பொறுத்தது என்பது வங்கிக்குத் தெரியாததல்ல.

ஆகஸ்டில் தொடங்கும் படிப்புக்குச் சேர்க்கைக் கடிதம் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் வருகிறது. மே, ஜூனில் கடன் பத்திரத்தில் கையெழுத்து. ஆகவே பேச வேண்டிய காலம் பிப்ரவரிக்கு முன். திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் வங்கிகளோடு சேர்ந்து நடத்தும் கல்விக் கடன் முகாம் ஒன்றை அதற்குள் திருத்தணியிலேயே நடத்தலாம். அதில் இதற்கென்று தனி மேசை போட்டு, விதி தெரிந்த, தமிழும் தெலுங்கும் பேசும் ஒருவரை உட்காரவைக்க மாவட்ட ஆட்சியர் உத்தரவிட்டால் போதும். உரிமச் சட்டம் சட்டமன்றத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டிய வேலை அல்ல இது.