போல்ட் கழற்றுவது பெரிசில்லை

கார் ஏ.சி. கம்ப்ரசர் போய்விட்டால், "நாலு போல்ட்தானே, வீட்டிலேயே மாத்திடலாம்" என்று ஞாயிற்றுக்கிழமை ஸ்பானரும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள் நம் வீட்டு ஆண்கள். போல்ட் அல்ல, குழாய்க்குள் அழுத்தத்தில் இருக்கும் கேஸ்தான் வில்லன்! பல கார்களில் இருப்பது ஆர்-134ஏ. மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிப்பது. குழாயைக் கழற்றியதும் பீய்ச்சியடித்தால் பட்ட இடம் உறைந்து புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. காற்றில் கலந்தாலோ, எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும்.

மெஷின் உள்ள மெக்கானிக்கிடம் முதலில் கேஸை இறக்கிவிட்டு வரட்டும். அப்புறம் தாராளமாக மாத்தட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் வாக்குவம் போட்டு கேஸ் ஏற்ற மறுபடி அவரிடம்தான் போகணும். புது ட்ரையர், ஆயில் செலவு வேறு. மிச்சம் எவ்வளவு என்று ஸ்பானரை எடுக்குமுன் கேளுங்களேன்!