பாக்கெட்டில் 'சீலேட்டட்' என்று போட்டிருந்தால் போதுமா? மஞ்சள் இலைக்குப் பின்னால் இருக்கும் உலோகக் கதை

சிறுசேரி சிப்காட்டைச் சுற்றி நாவலூர், படூர், தாழம்பூர் பக்கம் எந்த அடுக்குமாடிக்குப் போனாலும் நாலு பால்கனிக்கு ஒரு பால்கனியில் க்ரோ பேக் தொங்கும். கத்தரி, தக்காளி, ஒரு செம்பருத்தி. ரெண்டு மாசம் ஜோராக வளரும். அப்புறம் புதுசாக வருகிற இலை மட்டும் மஞ்சளாகும். நரம்பு பச்சையாகவே இருக்கும், நடுவில் இருக்கும் பகுதி மட்டும் வெளுத்துப் போகும். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் பத்து நிமிஷத்தில் பதில் வரும்: "சீலேட்டட் மைக்ரோநியூட்ரியன்ட் வாங்கி அடிங்க". ஆன்லைனில் 100 கிராம் பாக்கெட், மறுநாள் டெலிவரி. சில வீடுகளில் இலை பச்சையாகிறது. சில வீடுகளில் எதுவுமே நடப்பதில்லை.

பால்கனியில் போனது நூறு, இருநூறு ரூபாய். அதே வார்த்தை இன்னும் தெற்கே, மதுராந்தகம், அச்சிறுப்பாக்கம் பக்கம் உரக்கடைகளிலும் இருக்கிறது. அங்கே வாங்குகிறவர் நிலக்கடலை போட்டவர், நெல் நட்டவர். பெரும்பாலும் கடனில் வாங்குகிறார். அவருக்கு இது ஒரு பருவத்தின் கணக்கு. அந்த பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது, அது அவருடைய மண்ணில் வேலை செய்யுமா என்று சொல்ல வேண்டிய லேபிள், பெரும்பாலும் அதைச் சொல்வதில்லை.

சீலேட்னா என்ன?

பிளஸ் டூ வேதியியல் படித்தவர்களுக்கு 'அணைவுச் சேர்மங்கள்' பாடம் ஞாபகம் இருக்கும். நடுவில் ஒரு உலோக அயனி, அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கும் ஈனிகள். 1893-ல் ஆல்ஃபிரட் வெர்னர் சொன்ன கொள்கை அது. 1913-ல் அதற்காக நோபல் பரிசும் வாங்கினார். ஒரே ஈனி பல இடங்களில் உலோகத்தைக் கவ்விக்கொண்டால் அதற்கு சீலேட் என்று பெயர். நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் பாடப்புத்தகம் 'கொடுக்கிணைப்புச் சேர்மம்' என்று அழகாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறது. கோவளத்தில் உயிர் நண்டு வாங்கிப் பழக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பிடி எவ்வளவு கெட்டி என்று விளக்க வேண்டியதில்லை.

வீட்டிலும் இது நடக்கிறது. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கிறதே, அதில் அமிலத்தன்மை பாதி வேலையைச் செய்கிறது. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் கரைந்த செம்பைக் கவ்விக்கொள்வது மீதி வேலை. இலையின் பச்சையமே ஒரு உலோக அணைவுச் சேர்மம்தான், நடுவில் மெக்னீசியம். நிலக்கடலை வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அது லெக்ஹீமோகுளோபின், நடுவில் இரும்பு. நம் ரத்தத்தின் சிவப்புக்கு அது நெருங்கிய சொந்தம்.

மண்ணில் இரும்பு இல்லையா?

இருக்கிறது, தாராளமாகவே. பிரச்சினை கரைவதில்தான். மண்ணின் பி.எச் ஒரு அலகு கூடினால் இரும்பின் கரைதிறன் சுமார் ஆயிரம் மடங்கு குறைகிறது, துத்தநாகத்தின் கரைதிறன் சுமார் நூறு மடங்கு. சுண்ணாம்புத்தன்மை உள்ள மண்ணில் இரும்பு துருவாக உட்கார்ந்திருக்கும், வேர் அதைத் தொட முடியாது. ஓ.எம்.ஆர் பால்கனியிலும் கதை இதுதான். கடினமான போர்வெல் தண்ணியை மாதக்கணக்கில் ஊற்ற ஊற்ற தொட்டியின் பி.எச் ஏறுகிறது, இரும்பு உள்ளேயே இருந்தும் செடி பட்டினி கிடக்கிறது.

செடிகளும் சும்மா இருப்பதில்லை. நிலக்கடலை போன்ற இருவித்திலைச் செடிகள் வேரைச் சுற்றி அமிலத்தைக் கக்கி, இரும்பைக் கரையக்கூடிய வடிவத்துக்கு மாற்றி எடுத்துக்கொள்ளும். புல் குடும்பம் வேறு வழி. வேரிலிருந்து தானே ஒரு சீலேட் பொருளை வெளியே அனுப்பி, இரும்பைக் கவ்வி, உள்ளே இழுத்துக்கொள்ளும். 1970-களில் ஜப்பானிய விஞ்ஞானி தகாகி இதைக் கவனித்தார். மியூஜினிக் அமிலம் என்று அதற்குப் பெயர். பார்லி இதில் கில்லாடி. நெல் ரொம்ப சுமார்.

தமிழ்நாட்டின் பெரிய பிரச்சினை இரும்பைவிட துத்தநாகம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நுண்ணூட்ட ஆய்வுத் திட்டம் நாடு முழுக்க எடுத்த மண் மாதிரிகளில் சுமார் 36 சதவீதத்தில் துத்தநாகப் பற்றாக்குறை இருந்தது. தமிழ்நாட்டு மாதிரிகளில் அது 60 சதவீதத்துக்கு மேல். பற்றாக்குறை தெரியும் விதமும் ஏமாற்றக்கூடியது. 1960-களில் உத்தரப் பிரதேசத்தின் தராய் பகுதியில் நெல் இலை துருப்பிடித்த மாதிரி ஆகி, பயிர் குட்டையாகவே நின்றது. 'கைரா' என்று அதை நோயாகவே நினைத்தார்கள். பந்த்நகரில் தாவர நோயியல் வல்லுநர் ஒய்.எல். நேனே 1966-ல் காட்டியது: கிருமி எதுவும் காரணம் இல்லை, துத்தநாகம் போதவில்லை. துத்தநாக சல்பேட்டைச் சுண்ணாம்போடு கரைத்துத் தெளித்ததும் பயிர் எழுந்தது.

அந்தத் துத்தநாகம் நம் தட்டு வரைக்கும் வருகிற விஷயம். அரிசியை நம்பிச் சாப்பிடுகிற ஊரில் அரிசியில் துத்தநாகம் குறைந்தால் குழந்தைகளின் வளர்ச்சியும் எதிர்ப்பு சக்தியும் அடிவாங்கும். 2016-ல் வெளியான டி.ஆர்.ஆர் தான் 45 மாதிரி துத்தநாகம் கூடிய நெல் ரகங்களை உருவாக்கியதற்குக் காரணமும் இதுதான்.

எல்லா கொடுக்கும் ஒன்றல்ல

இங்கேதான் லேபிள் விவகாரம் வருகிறது. உரத்தில் அதிகம் புழங்கும் ஈனி இ.டி.டி.ஏ. 1935-ல் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் மூன்ஸ் தயாரித்தது. ஆரம்பத்தில் விவசாயத்துக்கு அல்ல, துணி ஆலைகளில் தண்ணீரின் கடினத்தன்மையைச் சமாளிக்க. 1952-ல் ஃபுளோரிடாவின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களில் இரும்பு-இ.டி.டி.ஏ போட்டுப் பார்த்தபோது மஞ்சள் மரங்கள் பச்சையாகின. அந்த மணல் அமிலத்தன்மை உள்ளது. அதே பொருளைச் சுண்ணாம்பு மண்ணில் போட்டபோது எடுபடவில்லை. பி.எச் 6.5-ஐத் தாண்டியதும் இ.டி.டி.ஏ இரும்பை விட்டுவிட்டு கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. இரும்பு மறுபடியும் துருவாகிறது. டி.டி.பி.ஏ என்ற ஈனி 7 அல்லது 7.5 வரை தாங்கும். இ.டி.டி.எச்.ஏ என்பது 9 வரைக்கும்கூட விடாது; கரைத்தால் ரத்தச் சிவப்பாக இருக்கும், விலையும் அதற்கேற்ற மாதிரி. (பெயர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன என்பது உண்மைதான். கடைக்காரருக்கே குழப்பம் வரும்.)

ஆக, காரத்தன்மை உள்ள தொட்டியில் இரும்பு-இ.டி.டி.ஏ-வை வேரில் ஊற்றினால் காசு மண்ணோடு போகும். அதே பொருளை இலையில் தெளித்தால் ஓரளவு பலன் இருக்கலாம். துத்தநாகம்-இ.டி.டி.ஏ கொஞ்சம் வேறு ஆள், அது நடுநிலை மண்ணில் இவ்வளவு சீக்கிரம் உடைவதில்லை. மூன்றையும் ஒரே 'சீலேட்டட்' என்ற சொல் மூடி மறைத்துவிடுகிறது.

எடைக் கணக்கும் ஒன்று இருக்கிறது. உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985-ன்படி துத்தநாகம்-இ.டி.டி.ஏ-வில் குறைந்தது 12 சதவீதம் துத்தநாகம் இருக்க வேண்டும். சாதாரண துத்தநாக சல்பேட்டில் 21 சதவீதம். அதாவது ஒரு கிலோ சீலேட்டில் 120 கிராம் துத்தநாகம், ஒரு கிலோ சல்பேட்டில் 210 கிராம். விலை அதிகம், உலோகம் குறைவு. குறைவான உலோகம் கூடுதலாக வேலை செய்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

செய்யுமா என்பதை எப்படிச் சோதிப்பது?

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் வேதியியல் துறைகளில் உலோக அணைவுச் சேர்மம் தயாரிப்பது கிட்டத்தட்ட குடிசைத் தொழில். ஒரு ஷிஃப் காரம், அதோடு செம்பு, துத்தநாகம், கோபால்ட் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, நிறமாலை எடுத்து, ரெண்டு பாக்டீரியா மேல் சோதித்து, ஆய்வேடு முடியும். சமீப காலமாக சிலர் இன்னொரு படி போகிறார்கள். பெட்ரி தட்டில் பச்சைப்பயறு போட்டு, கரைசல் ஊற்றி, ஏழு நாளில் வேர் எத்தனை சென்டிமீட்டர் என்று அளப்பது. நல்ல ஆரம்பம்தான். ஆனால் அந்த ஏழு நாளில் முளைக்கும் விதை தன் சேமிப்பிலிருந்தே சாப்பிடுகிறது. தட்டில் மண்ணும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. 'பயிர் வளர்ச்சியை மேம்படுத்துகிறது' என்று அதிலிருந்து எழுதுவது டிரெய்லரைப் பார்த்துவிட்டுப் படத்துக்கு விமர்சனம் எழுதுவது மாதிரி.

சரியான பரிசோதனைக்குக் குறைந்தது நாலு வகைப் பாத்தி வேண்டும். எதுவும் போடாதது ஒன்று. சீலேட் போட்டது ஒன்று. அதே எடை உலோகத்தைச் சாதாரண சல்பேட்டாகப் போட்டது ஒன்று. உலோகமே இல்லாமல் ஈனியை மட்டும் போட்டது ஒன்று. மூன்றாவது பாத்தி இல்லாவிட்டால், ஜெயித்தது சீலேட்டா வெறும் துத்தநாகமா என்றே தெரியாது. நாலாவது இல்லாவிட்டால் இன்னொரு குழப்பம்: ஈனியில் இருக்கும் நைட்ரஜனோ, மண்ணில் ஏற்கெனவே இருந்த உலோகத்தை அது கரைத்துக் கொடுத்ததோ காரணமாக இருக்கலாம். இதைப் பல முறை திரும்பச் செய்து, ரெண்டு பருவமாவது பார்த்து, கடைசியில் வேர் நீளத்தை விட்டுவிட்டு மூட்டையை எடைபோட வேண்டும். விளம்பர நோட்டீஸ்களில் வரும் 'முன்', 'பின்' போட்டோக்களில் முதல் ரெண்டு பாத்திதான் இருக்கும். மூன்றாவதை யாரும் காட்டுவதில்லை, ஏனென்றால் வியாபாரத்துக்கு ஆபத்தானது அதுதான்.

ஆபத்தானது என்று சொல்லக் காரணம் உண்டு. மலிவான வழிகள் ஏற்கெனவே நன்றாக வேலை செய்கின்றன. நெல்லுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து தூவச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். பசுந்தாள் உரமோ ஊட்டமேற்றிய தொழு உரமோ போட்டிருந்தால் அதில் பாதி, 12.5 கிலோ போதும் என்கிறது. அந்தப் பாதியை யார் மிச்சம் பிடித்தது? மக்கும் பொருளில் இருந்து வரும் கரிம அமிலங்களுக்கும் ஹியூமிக் பொருட்களுக்கும் அதில் பங்கு உண்டு, அவையும் ஈனிகளே. நுண்ணூட்டக் கலவையைப் பத்து மடங்கு தொழு உரத்தோடு கலந்து ஒரு மாதம் நிழலில் ஈரமாக வைத்திருக்கச் சொல்வதும் அதே வேதியியல், பெயர்தான் சாணி எரு. நிலக்கடலை மஞ்சளானால் ஒரு சதவீத அன்னபேதிக் கரைசலில் துளி சிட்ரிக் அமிலம் சேர்த்துத் தெளிக்கச் சொல்வார்கள். அந்த சிட்ரிக் அமிலம் இரும்பைக் கவ்வி, கெடாமல் வைத்திருக்கிறது. சீலேட் தெளிப்பின் ஏழை வீட்டுப் பதிப்பு.

இதற்காக சீலேட் உரமே ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. சொட்டுநீர்ப் பாசனத்தில், மண்ணில்லா வளர்ப்பில், கடும் சுண்ணாம்பு மண்ணில் அதற்கு மாற்று கிடைப்பது கஷ்டம். இ.டி.டி.ஏ சுலபத்தில் மக்காது, ஈயம் போன்ற நச்சு உலோகங்களையும் கவ்வி நகர்த்தும் என்ற கவலையும் நிஜம். சீக்கிரம் மக்கும் ஈனிகளைத் தேடும் ஆய்வு உலகெங்கும் நடப்பது அதனால்தான். அந்தத் தேடலில் நம் கல்லூரி ஆய்வகங்களுக்கு இடம் இருக்கிறது. தாம்பரம், செங்கல்பட்டு பக்கத்து வேதியியல் மாணவர் தயாரித்த சேர்மத்தை திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் கடலைப் பாத்தியில் போட்டுப் பார்க்க ரெண்டு மணி நேரப் பயணம் போதும். தூரம் தடை இல்லை. வேதியியல் துறை ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ், வேளாண்மை இன்னொன்றின் கீழ்; ஆய்வேட்டுக்கான அவகாசம் ஒரு பயிர்ப் பருவத்தைவிடக் குறைவு. இதுதான் தடை. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் இந்த முடிச்சை அவிழ்த்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மீதிப் பாதி அரசிடம் இருக்கிறது. அமினோ அமிலம், ஹியூமிக் அமிலம் போன்றவை அடங்கிய 'உயிரூக்கிகள்' 2021-ல்தான் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்தன. அதற்கு முன் சுமார் 30,000 தயாரிப்புகள் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் விற்கப்பட்டதாகவும், கறாராகப் பார்த்த பிறகு அது சுமார் 650 ஆகச் சுருங்கியதாகவும் 2025-ல் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகானே சொன்னார். இத்தனை ஆண்டுகள் அவற்றுக்குக் காசு கொடுத்தது விவசாயிதான்.

சீலேட் விஷயத்தில் கேட்பது அவ்வளவு பெரிய சீர்திருத்தம்கூட இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சீலேட் உரத்தின் லேபிளில் எந்த ஈனி, எந்த பி.எச் வரம்புக்குள் அது நிலைத்திருக்கும் என்ற ரெண்டும் இருக்க வேண்டும். இங்கே உலோகத்தின் சதவீதம் இருக்கிறது, பி.எச் வரம்பைக் காணோம். இருக்கிற இங்கிலீஷையும் சின்ன எழுத்தையும் தமிழாக்கி, இந்த ஒரு வரியைச் சேர்ப்பதற்கு எந்தக் கம்பெனியும் நஷ்டப்படாது. கூடவே, சல்பேட் பாத்தியோடு ஒப்பிட்ட கள முடிவை ஒரு கியூஆர் கோடு வழியாகப் பொதுவில் வைக்கச் சொல்லலாம்.

2015 முதல் கொடுக்கப்படும் மண்வள அட்டையில் பன்னிரண்டு அளவீடுகள் இருக்கின்றன. பி.எச் அதில் ஒன்று, துத்தநாகமும் இரும்பும் உண்டு. அட்டையில் பி.எச் 8.2 என்று எழுதியிருக்கும் விவசாயி, அதை வைத்துக்கொண்டு உரக்கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிறார். ஒப்பிடுவதற்கு அந்தப் பக்கம் எண் எதுவும் இல்லை.