திரும்பி வர ஒரு வாசல்

சந்நியாசியைக் கண்டால் நமக்குக் கை தானாகக் குவிகிறது. ஆனால் அந்தச் சந்நியாசி நம் வீட்டுப் பிள்ளையாக மட்டும் இருந்துவிடக் கூடாது. அடுத்த வீட்டுப் பிள்ளை என்றால் பாதகமில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுபோய் அவன் காலைக்கூடக் கழுவுவோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். மனிதன் எவனையும் மணக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்த ஒரு பெண்ணை வைத்துத்தான் இந்த ஊருக்கே பெயர். ஆடிப்பூரத்தன்று அவள் தேர்வடத்தைத் தொட ஊரெல்லாம் முண்டியடிக்கிறது. வடம் பிடித்த கைச் சிவப்பு ஆறுவதற்கு முன்னால், வீட்டில் மகள் “எனக்குக் கல்யாணம் வேண்டாம் அப்பா” என்று சொல்லிப் பார்க்கட்டும். அதே கை ஓங்குகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

நம் மாவட்டத்துத் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் என்ற பையன் 1896 ஆகஸ்டில், பதினாறு வயதில், மதுரையில் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போனான். தாயார் 1898இல் தேடிப் போய் அழுது கூப்பிட்டும் அவன் வரவில்லை. பின்னால் ரமண மகரிஷி ஆகிவிட்டபடியால் அந்த ஓட்டம் நமக்குப் புண்ணிய கதை. ஆறே மாதத்தில் பசி பொறுக்காமல் அவன் மதுரைக்கு ரயில் ஏறியிருந்தால்? தெருவில் அவனுக்கு என்ன பெயர் கிடைத்திருக்கும்? அவன் தம்பி தங்கைகளின் கல்யாணப் பேச்சில் அந்தப் பெயர் எத்தனை தடவை வந்திருக்கும்? நம்மவர்கள் துறவுக்குப் போக ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். திரும்பி வர வாசலே வைக்கவில்லை. என் சண்டை அதைப் பற்றித்தான்.

சென்ற மாதம் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் ராஜபாளையத்திலிருந்து வந்திருந்தார். தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பம். மகனுக்கு இருபத்தாறு வயது, பஞ்சாலை ஒன்றில் கணக்கு வேலை. தொலைவில் உள்ள ஓர் ஆங்கிலிக்கன் துறவியர் சங்கத்துக்கு அவன் இரண்டு வருஷமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். இப்போது அவர்கள் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

“அண்ணாச்சி, நீங்கள் கதை எழுதுகிறவர். உங்கள் பேச்சை அவன் கேட்பான். நம் சபையில் ஏது சாமியார்? அதெல்லாம் ரோமன் கத்தோலிக்கருக்கு என்று நாலு வார்த்தை சொல்லுங்கள்” என்றார்.

சொல்ல மறுத்துவிட்டேன், ஏனென்றால் அது வாஸ்தவமில்லை. லூத்தர் துறவியாக இருந்தவர். துறவைவிட்டு 1525இல் மணம் செய்துகொண்டவர். இங்கிலாந்தில் எட்டாவது ஹென்றி 1536க்கும் 1540க்கும் இடையில் மடங்களையெல்லாம் மூடி நிலத்தையும் பொன்னையும் எடுத்துக்கொண்டான். அதன்பின் மனைவி மக்களோடு பங்களாவில் வாழும் குருவானவரே சபையின் இலட்சியப் புருஷர் ஆனார். முந்நூறு வருஷம் இப்படிப் போனது. 1841இல் மரியன் ஹியூஸ் என்ற பெண்மணி ஆங்கிலிக்கன் சபைக்குள் இருந்துகொண்டே துறவுப் பிரதிக்ஞை எடுத்தார். 1866இல் ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் கவ்லியில் ஆண்களுக்கான சங்கம் ஒன்று பிறந்தது. மூடிய கதவு இப்படி மெல்லத் திறந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? சிவகாசிக்குப் போய் விசாரிக்கட்டுமே. கேம்பிரிட்ஜில் சுகமாக இருந்திருக்கக்கூடிய தாமஸ் ராக்லண்ட், 1854 முதல் வட திருநெல்வேலியின் கரிசல் வெயிலில் கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போனார். மனைவியில்லை, மக்களில்லை. 1858இல் சிவகாசியில் இறந்தபோது அவருக்கு வயது 43. அவர் எந்த மடத்திலும் சேர்ந்தவர் அல்லர். ஆனால் குடும்பத்தை விட்ட வாழ்க்கை நம் சபைக்கு அந்நியம் என்று சொல்பவர், தம் வட்டாரத்துச் சபை எப்படிப் பரவிற்று என்பதையே மறந்தவர்.

தமிழர் இதில் பின்தங்கியவர்களும் அல்லர். டாக்டர் சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் பாரஸ்டர் பேட்டனும் 1921இல் வட ஆற்காடு திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். மணமில்லை, கதராடை, சைவ உணவு, ஏழைகளுக்கு வைத்தியம். ஒருவர் பெரியண்ணன், மற்றவர் சின்னண்ணன். கோயிலைக்கூட நம் கோபுரக் கட்டடக் கலையில்தான் எழுப்பினார்கள். அது தனியொரு சபைக்கு உரிய மடம் அல்ல. இருந்தாலும் புராட்டஸ்டண்டு வீடுகளுக்குத் துறவு ஒட்டாது என்ற வாதத்துக்கு அது ஒன்றே போதும். இருவரும் கடைசி வரை அந்த வாழ்விலேயே இருந்தார்கள்.

கடைசி வரை இருந்தவர்களைப் புகழ்வது சுலபம். இல்லாதவர்களைப் பற்றி என்ன சொல்கிறோம்?

ஜாக் வின்ஸ்லோ என்ற ஆங்கிலிக்கன் குரு 1922இல் கிறிஸ்த சேவா சங்கத்தைத் தொடங்கினார். பிற்பாடு அது புனேயில் நிலைகொண்டது. ஆக்ஸ்போர்டில் படித்த வெரியர் எல்வின் 1927இல் அதில் சேர வந்தார். சில வருஷங்களில் விலகினார். கோண்டு மக்களிடையே போய் வாழ்ந்தார், குருப்பட்டத்தையும் துறந்தார். நம் தெருவாக இருந்தால் ‘ஓடிப்போனவன்’ என்று கதையை முடித்திருப்போம். பழங்குடிகளைப் பற்றி அவர் எழுதிய நூல்கள் அலமாரி அலமாரியாக நிற்கின்றன. 1961இல் இந்த நாடு அவருக்குப் பத்மபூஷண் கொடுத்தது. சங்கத்தில் கழிந்த அந்த வருஷங்கள் வீண் என்று யார் சொல்வது? அங்கே போயிராவிட்டால் அவர் கோண்டுகளிடம் வந்திருப்பாரா?

அழைப்பு என்பது ஆகாயத்திலிருந்து விழும் தந்தி அல்ல. இதை அந்தத் துறவியர் சங்கங்களே நம்மைவிட நன்றாக அறிந்திருக்கின்றன. சாதாரணமாக அங்கே முதலில் விருந்தாளியாகப் போய்த் தங்க வேண்டும். பிறகு சில மாதங்கள் உடனிருந்து பார்க்கும் நிலை. அதன்பின் பயிற்சித் துறவியாக ஓரிரண்டு வருஷம். அதற்கும் அப்பால் சில வருஷங்களுக்கு மட்டுமான வாக்குறுதி. ஆயுளுக்கும் என்ற சொல் கடைசியில்தான் வருகிறது. கடன் இருக்கிறதா, உன்னை நம்பி யாராவது இருக்கிறார்களா என்றும் ஆரம்பத்திலேயே கேட்டுவிடுகிறார்கள். பயிற்சிக் காலத்தில் அவனும் போகலாம், அவர்களும் போகச் சொல்லலாம். நமக்குத் தெற்கே, டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் 1916இல் ஏழு பெண்களோடு அமைத்த சகோதரிகள் குழுவிலும் கட்டிப்போடும் பிரதிக்ஞை கிடையாது. பர்மாவில் பௌத்த வீட்டுப் பிள்ளைகள் மடத்தில் சில நாளோ சில மாதமோ காவியுடுத்தி இருந்துவிட்டுத் திரும்புவார்கள். அது வீட்டுக்குப் பெருமை.

மடம் வைத்திருக்கிற இந்த வாசலைச் சாத்துவது யார்? நாம்தான். “போனால் போனதுதான், இந்தப் படி ஏறக்கூடாது” என்று தகப்பனார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், பையன் அங்கே போய் எதைச் சோதிக்க முடியும்? இது எனக்கு ஒத்துவரவில்லை என்று மூன்றாம் மாதமே தெரிந்தாலும் வாயைத் திறக்க மாட்டான். ஜெபிக்கிற மாதிரி இருப்பான். அவனைத் துறவில் பூட்டி வைத்தது அந்தத் துறவை எதிர்த்த தகப்பனாரே என்றால், இதைவிட வேடிக்கை உண்டா?

இன்னொரு வர்க்கமும் உண்டு. அவர்களிடம் எனக்கு இரக்கம் குறைவு. பிரசவ வலியிலோ டைபாய்டு காய்ச்சலிலோ பிள்ளையை ஊழியத்துக்கு நேர்ந்துவிடுகிறவர்கள். இருபது வருஷம் கழித்து, “நீ கர்த்தருக்கென்று கொடுக்கப்பட்டவன்” என்று அவனிடம் கணக்குக் காட்டுவார்கள். நம் பக்கத்துக் கிராமங்களில் ஆட்டுக்கிடாவை இப்படித்தான் நேர்ந்துவிடுகிறார்கள். கிடாவுக்கும் அழைப்பு உண்டென்று யாரும் சொன்னதில்லை.

பெரியவரின் பயத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. அவருக்குப் பென்ஷன் கிடையாது. இளைய மகள் கல்யாணத்துக்கு நிற்கிறாள். மகன் அந்தக் கடமையை முடிக்காமல் போகிறான் என்றால் நானே தடுத்திருப்பேன். ஆனால் பையன் கெட்டிக்காரன். தங்கையின் கல்யாணத்துக்கென்று பணம் சேர்த்துத் தகப்பனார் பெயரில் போட்டுவிட்டுத்தான் பேச்சையே எடுத்திருக்கிறான். ‘அழைப்பு வந்துவிட்டது’ என்று எங்கும் சாட்சி சொல்லவும் இல்லை. “போய்ப் பார்க்கிறேன்” என்ற இரண்டே வார்த்தைதான். அந்த அடக்கம்தான் எனக்கு அவனிடம் நம்பிக்கை உண்டாக்கியது.

ஆகவே பெரியவரிடம், மகனை அனுப்புங்கள், அவன் கட்டிலை மட்டும் எடுத்து மச்சில் போட்டுவிடாதீர்கள் என்றேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “ரெண்டு வருஷம் கழித்துத் திரும்பி வருகிறான் என்றே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி. சாமியாராகப் போய் வந்தவனுக்கு எவன் பெண் கொடுப்பான்?”

இதைப் படிப்பவர்களில் பெண்ணைப் பெற்றவர்கள் பலர் இருப்பீர்கள். பையன் நல்லவன், குடி கிடையாது, கணக்கில் புலி. பெரியவருக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. உங்கள் பெயரைச் சொல்லி எழுதலாமா?