பதிப்பாசிரியரைப் பாடகராக்கும் ஆய்வு

‘மொஹீனேர் கோராகுலி’ என்றதும் இன்றைய மாணவர் நினைவுக்கு வருவது ‘பிரிதிபிட்டா நாகி’ பாடல். 2006இல் ‘கேங்ஸ்டர்’ இந்திப் படத்தில் ‘பீகி பீகி’ என மறுவடிவம் பெற்ற அந்த மெட்டையே சான்றாகக் கொண்டு, எழுபதுகளின் கல்கத்தா ராக் இசையின் ஒலி இதுவென்று எழுதுவோர் உளர். இது எளிய காலவழு. அப்பாடல் வந்தது 1995இல், ‘ஆபார் பொச்சோர் குரி போரே’ தொகுப்பில். குழு ‘பதிப்பித்த’ தொகுப்பு என்றே அது தன்னை அறிவித்துக்கொண்டது. பாடியோருள் பலர் அடுத்த தலைமுறையினர். பரிமேலழகர் உரையைக் காட்டி வள்ளுவர் நடை இதுவென்றால் எந்தத் தமிழ்த்துறை ஏற்கும்?

மூலம் வேறு. லேக் கார்டன்ஸுக்குச் சற்றுத் தெற்கே, நாக்தலாவில், எழுபதுகளின் நடுவில் உருவான குழு அது. நக்சல்பாரி இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை மீண்ட கௌதம் சட்டோபாத்யாய் அதன் மையம். பெயர் ஜீபனானந்த தாஸின் கவிதையிலிருந்து வந்தது. 1977, 1978, 1979 என ஆண்டுக்கொன்றாக மூன்று இசைத்தட்டுகள். பாவுல் மெட்டு, ஜாஸ், கித்தார், ஆபிரகாம் மஜும்தாரின் வயலின் ஆகியவை அவற்றில் இழைந்து குழைவதில்லை, ஒன்றையொன்று உரசுகின்றன. பார்க் ஸ்ட்ரீட் விடுதிகளில் ராக் ஆங்கிலத்தில் ஒலித்த காலத்தில் இவர்கள் நகரத்துப் பேச்சு வங்காளத்தில் பாடினர். அதே 1977இல் லண்டன் பங்க் குழுக்களிடம் இருந்த வேகம் இவர்களிடம் இல்லை. ஆயினும் நிலவும் ரசனைக்கு இணங்க மறுத்த பிடிவாதத்தில் இவர்கள் எவ்விதத்திலும் பின்தங்கியவர் அல்லர். (வேகத்தை மட்டுமே அளவுகோலாக்குவோர் பங்க் வரலாற்றையும் சரியாகப் படித்தவர் அல்லர்.)

ரவீந்திர சங்கீதத்திலும் திரைப்பாடலிலும் ஊறிய நகரம் இவர்களைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 1981இல் குழு கலைந்தது.

1995இன் தொகுப்பு குறைந்ததன்று. அதுவே வங்காள ராக் இசைக்குப் பெருந்திரளைத் தேடித் தந்தது. ஆனால் அதன் இணக்கமான ஒலியை 1977க்குப் பின்னோக்கி ஏற்றும்போது, அன்று இந்நகரம் ஏன் கேட்க மறுத்தது என்ற கேள்வியே எழாமற்போகிறது. இன்று கொண்டாடுவோருக்கு அது வசதிதான். மொழி வரலாற்றில் பிற்கால வடிவத்தை மூலவடிவமாக வைப்பவரைத் திருத்தும் துறையினர், இசை என்றதும் அதே பிழையைச் செய்வது வியப்பு.

கௌதம் 1999இல் மறைந்தார். தாபஸ் தாஸ் 2023இல். அந்த ஒலிப்பதிவுகளை நேரில் அறிந்தோர் குறைந்துவருகின்றனர். ஆய்வாளர்களோ இன்னும் 2006இன் திரைப்பாடலிலிருந்தே கேட்கத் தொடங்குகின்றனர்.