அடித்துத் திருத்திய சிலந்தி

நேற்று காலை நடைப்பயிற்சியில் வங்கி நண்பர் மறுபடியும் ஆரம்பித்தார். "சார், உங்க பரிணாமமெல்லாம் வெறும் யூகம். இன்னிக்கு ஒண்ணு சொல்றான், நாளைக்கு மாத்திச் சொல்றான். சிலந்திக்கு மூதாதை யாருன்னே இன்னும் முடிவு பண்ணல." நாலு பேர் தலையாட்டினார்கள். எனக்கு மூச்சு வாங்கியதால் அங்கே பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

மாற்றிச் சொல்கிறார்கள், உண்மைதான். மாற்றியது யார் என்று பாருங்கள்.

1980இல் அர்ஜென்டினாவின் மரியோ ஹூனிக்கன் ஒரு புதைபடிவத்தை விவரித்தார். சுமார் 30 கோடி ஆண்டுகள் பழையது. கால் விரித்தால் அரை மீட்டர் வரும் ராட்சதச் சிலந்தி என்றார்; மெகாரக்னே என்று பெயரிட்டார். பிறகு இன்னொரு மாதிரி கிடைத்தது. பார்த்தால் அது சிலந்தியே அல்ல, நீரில் வாழ்ந்த கடல்தேள் வகை. 2005இல் வெளியான அந்தத் திருத்தக் கட்டுரையின் மூன்று ஆசிரியர்களில் ஒருவர் அதே ஹூனிக்கன்!

இன்னொன்று, நியூயார்க் மாநிலத்தில் கில்போவாவில் கிடைத்த அட்டர்கோபஸ். சுமார் 38 கோடி ஆண்டுகள். நூல் நூற்கும் காம்பு இருக்கிறது, ஆகவே இதுதான் மிகப் பழைய சிலந்தி என்று 1989இல் எழுதினார்கள். 2008இல் மறுபடி ஆராய்ந்தபோது, காம்பு என்று நினைத்தது சுருண்டு கிடந்த மேல்தோல் துண்டு என்று தெரிந்தது. நூல் வந்தது வயிற்றின் அடித்தகட்டிலிருந்து. போதாததற்குச் சாட்டை போல ஒரு வாலும் இருந்தது. 1989 கட்டுரையை எழுதிய வில்லியம் ஷியர் 2008 கட்டுரையிலும் உண்டு.

பத்து வருடம் கழித்து, 2018இல், மியான்மர் அம்பரில் கிமேரரக்னே அகப்பட்டது. காம்பும் இருக்கிறது, உடலைவிட நீளமான வாலும் இருக்கிறது. வயது 10 கோடி ஆண்டுகள்தான். அப்போது அசல் சிலந்திகள் ஏராளம். எனவே இது சிலந்தியின் பாட்டன் அல்ல, பங்காளி. ஆனாலும் வால் உள்ள பங்காளிகள் உண்டு என்ற 2008ஆம் வருடத்துத் திருத்தத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நண்பரே, லெட்ஜரில் தப்பு விழுந்தால் நீங்கள் என்ன செய்தீர்கள்? அடித்து, மேலே சரியான தொகையை எழுதி, பக்கத்தில் இனிஷியல் போட்டீர்கள். அதற்காக வங்கிக் கணக்கே யூகம் என்று யாராவது சொன்னார்களா? ஹூனிக்கன் போட்டதும் இனிஷியல்தான். குதிரைலாட நண்டு சிலந்திக் குடும்பத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று 2019இலிருந்து சண்டை இன்னும் சூடாகியிருக்கிறது. அந்த வரவுசெலவு இன்னும் டேலி ஆகவில்லை, அவ்வளவுதான்.

இனிஷியல் போடாதவன் நான். விலங்கியல் வாத்தியாராக இருந்து, 2005க்குப் பிறகும் பல வருடம் பழைய நோட்ஸை வைத்து அரை மீட்டர் சிலந்தியைக் கரும்பலகையில் வரைந்தேன். திருத்தம் எனக்குத் தெரியவந்ததே ஓய்வுபெற்ற பிறகு. போன வாரம் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதை எழுதிவிட்டேன். ஒருத்தன் மட்டும் பதில் போட்டான்: "சார், அதை எழுதித்தான் அஞ்சு மார்க் வாங்கினேன். திருப்பித் தரணுமா?"